லூப் பற்றிய பயமும் அதற்கான காரணமும்

"லூப் போட்டா கருப்பை புண்ணாப்போகும், பிறகு பிள்ளை தங்காது." அம்மம்மாமாரிடமிருந்து அம்மாமாருக்கு வந்து, அங்கிருந்து எங்களுக்கும் வந்துசேர்ந்த கதை இது. எங்கட குழுவில் இதைக் கேள்விப்படாத ஒருத்தரும் இல்லை. படிச்ச ஆக்கள் இதை மூடநம்பிக்கை என்று தட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கருப்பையின் உட்சுவர் மாதாமாதம் தடித்து, கரு தங்காவிட்டால் உரிந்து, திரும்ப வளர்கிற ஒரு படை. செம்பு லூப் அங்கே இருக்கும்போது உடம்பு அதை வெளிப்பொருளாகத்தான் பார்க்கும். கிருமி இல்லாத ஒரு அழற்சி உண்டாகும். அதுவும் செம்பிலிருந்து கசிகிற அயன்களும் சேர்ந்து விந்தணுக்களை முடக்கிவிடும், முட்டையோடு சேர விடாது. ஆக "புண்" என்ற சொல் முழுப் பொய்யில்லை. ஆனால் அது அழுகிற புண்ணில்லை. லூப்பை எடுத்தவுடன் அழற்சி அடங்கும், உட்சுவர் பழைய நிலைக்கு வரும். மற்றக் கருத்தடை முறைகளை நிப்பாட்டியவர்களைப் போலவேதான் லூப்பை எடுத்தவர்களும் கர்ப்பமாகிறார்கள். ஹோர்மோன் லூப் வேறு மாதிரி. அது உட்சுவரை மெலிய வைக்கும், மாதவிடாய் குறையும், சிலருக்கு நின்றே போகும். செம்பு லூப்பில் இதற்கு எதிர்மாறு, இரத்தப்போக்கும் வயிற்றுக்குத்தும் கூடும். ஏற்கெனவே இரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு இது சின்ன விசயமில்லை.

அப்ப "பிள்ளை தங்காது" எங்கிருந்து வந்தது? 1970களில் அமெரிக்காவில் டல்கன் ஷீல்ட் என்றொரு லூப் விற்பனையில் இருந்தது. அதன் நூல் பல இழைகளால் ஆனது, விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி கிருமிகளை மேலே இழுத்தது. கடுந்தொற்று வந்து, கருக்குழாய் அடைபட்டு, சில பெண்கள் இறந்தும் போனார்கள். வழக்குகள் குவிந்து அந்தக் கம்பனி 1985 இல் வங்குரோத்தானது. அந்தக் கெட்ட பெயர் எல்லா லூப்புக்கும் ஒட்டிக்கொண்டது. பிறகு மெக்ஸிகோ சிட்டியில் 1,895 பெண்களிடம் நடத்தி 2001 இல் வெளிவந்த ஆய்வில், குழாய் அடைப்புக்கும் செம்பு லூப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தது கிளமிடியா என்ற பாலியல் தொற்றோடுதான். லூப் போட்ட முதல் மூன்று கிழமையில் தொற்று வர வாய்ப்புக் கொஞ்சம் கூட, அதனால்தான் போடமுதல் தொற்று இருக்கா என்று பார்க்க வேணும். (ஆம்பிளையளையும் சோதிக்க வேணும் என்று சொன்னால் மட்டும் எல்லாரும் மௌனமாகிவிடுகிறார்கள்.)

ஆனால் எங்கட ஊர்ப் பயத்துக்கு அமெரிக்கக் கம்பனி மட்டும் காரணமில்லை. 2013 இல் கிளிநொச்சியின் வேரவில், வலைப்பாடு, கிராஞ்சிக் கிராமங்களில், பெண்களுக்குச் சரியான விளக்கமோ சம்மதமோ இல்லாமல் கையில் கருத்தடைக் குச்சி வைக்கப்பட்டதாக முறைப்பாடுகள் வந்தன. அது லூப் இல்லைத்தான். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனத்துக்கு அந்த வித்தியாசம் பெரிசாகத் தெரியுமா? அரச கிளினிக்கில் இருந்து வருகிற எதையும் சந்தேகத்தோடு பார்ப்பதை அறியாமை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

துண்டுப்பிரசுரம் அடித்து இந்தப் பயத்தைப் போக்க முடியாது. இரத்தப்போக்கு கூடலாம், லூப் தானாகக் கழன்று விழலாம், ஆயிரத்தில் ஒருவருக்குக் கருப்பைச் சுவரைத் துளைக்கலாம், அரிதாகக் கர்ப்பமானால் அது குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேணும் – இதெல்லாம் போடமுதலே தமிழில், ஆறுதலாக, புருசனும் மாமியும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் சொல்லப்பட வேணும். கலியாணம் கட்டாத பிள்ளை வந்து கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்ல வேணும்.

"எடுத்து விடுங்கோ" என்று ஒரு பெண் கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள் பாருங்கோ" என்று திருப்பி அனுப்பாமல் அன்றைக்கே எடுத்துவிட வேணும். செம்பு லூப் பத்து வருசம் வேலை செய்யும் என்பது அதைப் பத்து வருசம் வைத்திருக்க வேணும் என்ற கட்டளை இல்லை.