பாம்புக்கும் சிலந்திக்கும் கொஞ்சம் மரியாதை

சம்பா வயலில் களை எடுத்துக்கொண்டிருக்கும்போது வரப்போரம் ஒரு பாம்பு ஓடுகிறது. ஒருவர் கத்துகிறார், நான்கு பேர் கம்போடு ஓடி வருகிறார்கள். ஐந்து நிமிடத்தில் பாம்பு செத்துக் கிடக்கிறது. புரட்டிப் பார்த்தால் சாரை. விஷம் இல்லாதது, எலியைத் தின்று பிழைப்பது. அன்று இரவு மும்முனை மின்சாரம் வந்ததும், அதே வரப்பில் மோட்டார் போட ஒருவர் நடந்து போகிறார். காலில் செருப்பு இல்லை. கையில் டார்ச் இல்லை.

நம் கிராமங்களில் வழக்கமாக நடக்கும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பகலில், தீங்கு செய்யாத பாம்பையும் விடாமல் அடிக்கும் அளவுக்குப் பயம். இரவில், கண்ணாடி விரியன் படுத்திருக்கக்கூடிய வரப்பில் வெறுங்காலோடு நடக்கும் அளவுக்கு அலட்சியம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். அந்த நடுக்கம் நம்மைக் காப்பாற்றவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள்.

பயம் நமக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூ, மீன் படங்களையும் பாம்பு, சிலந்தி படங்களையும் காட்டி ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்தார்கள். பாம்பையும் சிலந்தியையும் பார்த்தபோது குழந்தைகளின் கண்மணி விரிந்தது. 2017-இல் வெளியான இந்த ஆய்விலிருந்து, அவற்றைக் கண்டதும் உஷாராகும் தன்மை பிறவியிலேயே இருக்கிறது என்று தெரிகிறது. ஆனால் உஷாராவது வேறு, பயப்படுவது வேறு. ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்கு முதலில் பாம்பைக் கண்டு பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைப் பார்த்து அலறுவதைக் கண்டதும் அவையும் பயப்படக் கற்றுக்கொண்டன. பூவைப் பார்த்து ஒரு குரங்கு அலறுவதுபோல் படம் தயாரித்துக் காட்டியபோது, பூவுக்குப் பயப்படக் கற்கவில்லை.

உஷார் பிறவியில் வந்தது, பயம் பெரியவர்களைப் பார்த்து வந்தது. அப்படியானால், நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோமோ அதுதான் அடுத்த தலைமுறைக்கும் போகும். இதுவரை கற்றுக்கொடுத்தவற்றில் கதைகள் அதிகம். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்றோம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்றோம். சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்றோம். உண்மையில் கொம்பேறி மூக்கனுக்கு விஷமே கிடையாது. பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பவை பெரும்பாலும் பலம் பார்க்கும் இரண்டு ஆண் சாரைகள். பாம்பு பழிவாங்குவதும் இல்லை, பால் குடிப்பதும் இல்லை.

சிலந்தியின் கதையும் இதுதான். தோலில் கோடு கோடாகக் கொப்புளம் வந்தால் "எட்டுக்கால் பூச்சி பட்டுவிட்டது" என்கிறோம். பல நேரங்களில் அதற்குக் காரணம், சிவப்பும் கருப்புமாக எறும்பு போல ஓடும் ஒரு சிறு வண்டு. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து, நம் உடம்பில் நசுங்கும்போது அதன் சாறு பட்டுத் தோல் வெந்துபோகிறது. பழி சிலந்தி மேல் விழுகிறது.

சிலந்தியை முதலில் எடுத்துக்கொள்வோம், அதில் கணக்கு எளிது. நெல் வயலில் ஓநாய்ச் சிலந்தி வலை பின்னாது. தண்ணீர் மேலும் தூர்களின் அடியிலும் ஓடி வேட்டையாடும். புகையான் இருப்பதும் அந்தத் தூர் அடியில்தான். ஒரு ஓநாய்ச் சிலந்தி நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். இதைக் கணக்கில் எடுத்தே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்கு மருந்தடிக்க வேண்டிய நிலையை இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது. வயலில் சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு 1 புகையான். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2. ஒரு குத்தில் 15 தூர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி இல்லாத வயலில் குத்துக்கு 15 புகையான் தெரிந்தாலே மருந்துக்குப் போக வேண்டும். சிலந்தி உள்ள வயலில் 30 வரை பொறுக்கலாம். அந்த இடைவெளியில் ஒரு தெளிப்பே மிச்சமாகலாம்.

பயந்தோ, பக்கத்து வயலைப் பார்த்தோ முன்கூட்டியே மருந்து அடித்தால் என்ன ஆகும்? புகையான் முட்டை இலையுறையின் திசுவுக்குள் இருப்பதால் தப்பிவிடும். வெளியே ஓடும் சிலந்தி செத்துவிடும். சில நாளில் குஞ்சுகள் பொரித்து வரும்போது அவற்றைத் தின்ன ஆள் இருக்காது. மருந்தடித்த வயலிலேயே புகையான் வட்டம் வட்டமாகக் காய வைப்பது இதனால்தான். செயற்கை பைரித்திராய்டு வகை மருந்துகளைப் புகையானுக்கு அடிக்கக் கூடாது என்று அலுவலர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதற்காகத்தான். இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாடு முழுக்கப் படித்தது. புகையான் கட்டுக்கடங்காமல் போனதும், 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு தடை செய்தது. சிலந்தி போன்ற இயற்கை எதிரிகளை வயலில் இறங்கி அடையாளம் காண்பதற்கு விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளிகள் நடத்தியது.

பாம்பின் கணக்கு கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் சில பாம்புகள் நம்மைக் கொல்லவும் கூடும். வரப்பு எலி தின்பதோடு நிற்பதில்லை. கதிரை வெட்டி வளைக்குள் சேர்த்தும் வைக்கும். ஆந்தை வயலின் மேலே பிடிக்கும், ஆனால் வளைக்குள் போக முடியாது. வளைக்குள்ளேயே புகுந்து குட்டியோடு தின்னக்கூடியது பாம்பு. பாம்பு மட்டுமே எலியை ஒழித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பாம்பையும் அடித்து, ஆந்தையையும் விரட்டிவிட்டால், எலி விஷத்தையும் திருட்டு மின்கம்பியையும் நம்ப வேண்டியதாகிறது. எலிக்கு வைத்த கம்பியில் மனிதர் செத்த செய்தி நமக்குப் புதிதல்ல. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை ஆகியவற்றைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாம்பை மதிப்பது எப்படி என்பதற்கு நம் கண்ணெதிரே இருப்பவர்கள் இருளர்கள். ஒருகாலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள். சட்டம் வந்து, தோல் ஏற்றுமதியும் நின்றபோது பிழைப்பு போனது. 1978-இல், ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இன்றும் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்துவிட்டு, மீண்டும் வெளியில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாரிக்கிறார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஏற்றப்படும் மருந்தின் தொடக்கம் அங்கேதான். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் பாம்பைக் கும்பிட்டு ஒதுங்கியும் போகவில்லை, கண்டபடி அடிக்கவும் இல்லை. அது எங்கே படுக்கும், எப்போது வெளியே வரும், எப்போது கடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

நமக்கு வேண்டிய மரியாதை அந்த அறிவுதான். பயம், பாம்பைப் பார்த்த பிறகு வருகிறது. மரியாதை, பார்ப்பதற்கு முன்பே செருப்பை மாட்ட வைக்கிறது. இரவில் வயலுக்குப் போனால் டார்ச், தடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே நடங்கள், அதிர்வு தெரிந்தால் பல பாம்புகள் விலகும். ஆனால் கண்ணாடி விரியன் விலகாமல் சீறிக்கொண்டே கிடக்கும், ஆகவே வெளிச்சம் கட்டாயம். கையை விடும் முன் கண்ணை விடுங்கள்: வைக்கோல் போர், விறகு அடுக்கு, மோட்டார் அறை மூலை, கடலைக் கொடிக் குவியல், எலி வளை. வீட்டை ஒட்டித் தானியமும் விறகும் குவித்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பும் வரும். தரையில் படுக்காதீர்கள். முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். கட்டு விரியன் இரவில் கடித்தால் வலியும் தெரியாது, தடமும் தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிறு வலித்து, கண் இமை தொங்கினால், பாம்புக்கடியாக இருக்கலாம் என்று நினைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடித்துவிட்டால் அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலைப்போல அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. அந்த முயற்சியில் இரண்டாவது ஆளும் கடிபடுவதுண்டு. இங்கே கொடுக்கும் மருந்து நான்கு பாம்பு விஷத்துக்கும் பொதுவானது. ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடத்தில் பார்க்கும் எளிய சோதனையும், உடலில் தெரியும் அறிகுறியும் மருத்துவருக்கு வழிகாட்டும். மந்திரிக்கும் இடத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் சிறுநீரகத்துக்கும் மூச்சுக்கும் கேடு.

மரியாதை என்றால் நெருங்கிப் பழகுவது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பாம்பைக் கையில் பிடித்து வீடியோ எடுக்கும் இளைஞர்களிடம் மரியாதை இல்லை, வெறும் துணிச்சல்தான் இருக்கிறது. வீட்டுக்குள் வந்தால் தள்ளி நின்று, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். வயலில் கண்டால் வழி விடுங்கள், அது போய்விடும்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வயல் பயிற்சியில் ஒரு குத்தைத் தட்டி, விழும் புகையானையும் சிலந்தியையும் விவசாயியே எண்ணட்டும். எண்ணிப் பார்த்தவர் அவசரப்பட்டு மருந்துக் கடைக்குப் போக மாட்டார். எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விடுவதையும் வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு போடுவதையும் அப்போதே சொல்லுங்கள். அதே பயிற்சியில் பாம்புக்கடி முதலுதவிக்கும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நல்ல தொடக்கம். இனி ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் கணக்கு, எந்த வட்டாரத்தில் எந்த மாதத்தில் கடி அதிகம் என்று காட்டும். அந்த மாதத்தில் அங்கே விஷமுறிவு மருந்து தீராமல் இருக்க வேண்டும். விதைக்கும் தெளிப்பானுக்கும் மானியம் தரும் வேளாண்மைத் துறை, ரப்பர் பூட்ஸுக்கும் டார்ச்சுக்கும் தரலாம். மும்முனை மின்சாரத்தைப் பகலில் தந்தால், எத்தனையோ பேர் இருட்டில் வரப்பில் நடக்கும் தேவையே இருக்காது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு மோட்டார் போடப் போகும்போது, டார்ச்சை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.