அடம்பங்கொடியைப் பிடுங்காதீங்க!

போன வருஷம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து மும்பைக்கு வடக்கே ஒரு கடற்கரையைச் சுத்தம் செய்யப் போனோம். பிளாஸ்டிக் பொறுக்கி முடித்ததும் உற்சாகம் தாங்கவில்லை. மணல்மேட்டில் படர்ந்திருந்த கொடியையும் களை என்று பிடுங்க ஆரம்பித்தோம். நானும்தான். நாலு கோணி நிறைந்தது.

அந்தப் பக்கம் மீன்கூடையோடு வந்த ஒரு கோலி மீனவப் பாட்டி நின்று பார்த்தார். "மர்யாதவேலை ஏன் பிய்க்கிறீங்க? கடல் உள்ளே வரணுமா?" என்று மராத்தியில் ஒரு போடு போட்டார். மர்யாதா என்றால் எல்லை. கடலுக்கு எல்லை போடும் கொடி!

அப்புறம்தான் கையிலிருந்த இலையைப் பார்த்தேன். நடுவில் பிளந்த குளம்பு மாதிரி இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. அடக் கடவுளே, இது நம்ம ஊர் அடம்பங்கொடி! நாகப்பட்டினம் பக்கம் பிறந்தவன் நான். சின்ன வயதில் இதில் கால் தடுக்கி விழாத நாளில்லை. அதையே களை என்று பிடுங்கியிருக்கிறேன். கணுவோடு இருந்த தண்டுகளை எல்லோருமாக மணலில் திரும்பப் புதைத்தோம். எத்தனை பிழைத்ததோ தெரியாது.

இதன் அறிவியல் பெயர் ஐபோமியா பெஸ்-காப்ரே. பெஸ்-காப்ரே என்றால் ஆட்டுக்கால். 1753-ல் லின்னேயஸ் வைத்த பெயர் அது. குறுந்தொகை 243-ஆம் பாட்டில் நம்பிகுட்டுவன் இதே இலையை மானின் அடிக்கு ஒப்பிட்டுவிட்டார், 1,500 வருஷத்துக்கும் முன்னாலேயே.

சரி, இந்தக் கொடி என்னதான் செய்கிறது? காற்றில் பறந்து வரும் மணலைத் தடுத்து நிறுத்துகிறது. மணல் மூட மூட, கணுவுக்குக் கணு வேர்விட்டு மேலே படர்கிறது. இப்படித்தான் மணல்மேடு வளர்கிறது. புயல் அலையின் வேகத்தை முதலில் வாங்கிக்கொள்வது அந்த மேடுதான். 2011, 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் இரண்டுமே மணல்மேடுகளை அதிகப் பாதுகாப்புள்ள வகையில் வைத்திருக்கின்றன. நாமோ கையுறை போட்டுக்கொண்டு போய் அதன் வேரைப் பிடுங்குகிறோம்!

என் கருத்து இதுதான்: கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் குப்பையை மட்டும் எடுக்கட்டும், கொடியைத் தொடவேண்டாம். கொடி எது, குப்பை எது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்றால் வீட்டிலேயே ஒன்று வளர்க்கலாம்.

வளர்ப்பது சுலபம். காய்ந்த காய் ஒன்றிரண்டு போதும், கொடியைப் பிடுங்க வேண்டாம். ஒரு காயில் பொதுவாக 4 விதை, வெல்வெட் மாதிரி ரோமத்தோடு இருக்கும். கடல்நீரில் மாசக்கணக்கில் மிதந்தும் சாகாத விதை என்பதால் தோல் ரொம்பக் கெட்டி. நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கீறி (உள்ளே பருப்பில் படக்கூடாது), ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் உப்பியிருந்தால் சரி, இல்லாவிட்டால் இன்னொரு கீறல்.

அகலமான தொட்டியில் முக்கால் பங்கு மணல், கால் பங்கு மண். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை கட்டாயம். விதையை ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். நாள் முழுக்க வெயில் வேண்டும். மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். உரம் வேண்டாம், போட்டால் இலைதான் பெருகும். பந்தல் கட்டினால் ஏறாது, இது தரையில் ஓடும் ஜாதி. நீண்டால் வெட்டி, கணுவுள்ள துண்டை வேறு தொட்டியில் புதைத்தால் அதுவும் பிழைக்கும். கீரை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், பால் வடியும்.

"பால்கனியில் வளர்த்தால் கடற்கரை பிழைச்சிடுமா?" என்று தங்கமணி கேட்டாள். பிழைக்காதுதான். ஆனால் போன வாரம் முதல் பூ பூத்தது. காலையில் விரிந்து மத்தியானம் சுருங்கியதை என் பெண் உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த முறை யாராவது இதைப் பிடுங்கினால், பாட்டிக்குப் பதிலாக அவளே கேட்பாள்.

இலங்கைத் தமிழர்களிடம் ஒரு பழமொழி உண்டு: அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு. பிழைக்க வந்த ஊரில் நமக்கும் பொருந்துகிற பழமொழிதான், இல்லையா? :-)