இல்லத்தில் எழும் இன்னிசை

இசையைக் கேட்பது இன்பம். அது பிறக்கும் இடத்திலேயே அமர்ந்து கேட்பது பேரின்பம். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். விரல் கட்டையை அழுத்தும் விசைக்கேற்ப, உள்ளிருக்கும் சிறு சுத்தியல் தந்தியைத் தட்டும். ஒலியின் மென்மையும் வன்மையும் வாசிப்பவரின் விரலிலேயே அடங்கியுள்ளன.

எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி 1877இல் தோன்றியது. அதற்கு முன்பு, வீட்டில் இசை வேண்டுமெனில் பெரும்பாலும் யாரேனும் ஒருவர் வாசித்தாக வேண்டும். ஐரோப்பிய இல்லங்கள் பலவற்றில் ஒரே பியானோவின்முன் இருவர் அமர்ந்து, பீத்தோவனின் சிம்பொனிகளை நான்கு கைகளால் வாசித்து மகிழ்ந்தனர். வியன்னாவில் ஷூபர்ட்டின் பாடல்கள் பல, நண்பர்களின் வீட்டுக் கூடங்களிலேயே முதலில் ஒலித்தன.

இன்று உலகத்து இசையெல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறது, பிழையின்றியும் ஒலிக்கிறது. ஆயினும், ஒலிப்பதிவு தன்னைக் கேட்பவரை அறியாது. வீட்டில் வாசிப்பவரோ, உறங்கும் குழந்தைக்காக விரலின் விசையைக் குறைப்பார். பாட்டி விரும்பிய பகுதியை மீண்டும் வாசிப்பார். அவர் தடுமாறும்போது கேட்போரும் மூச்சடக்கிக் காத்திருப்பர். ஆளுக்கொரு காதொலிப்பானுடன் தனித்தனியே அமர்ந்திருக்கும் குடும்பத்திற்கு இவ்வின்பம் வாய்ப்பதில்லை.

மாணவர்களே, எந்த இசைக்கருவியாயினும், உங்கள் வீட்டில் ஒருவர் கற்கத் தொடங்கினால் பிழை பொறுத்து அருகமர்ந்து கேளுங்கள். கேட்கும் செவி இருக்கும் வீட்டில்தான் இசை வளரும்.