அரசலாறு கேட்கிறது!

ஆடிப் பதினெட்டென்றால் அரசலாற்றுக்கு மஞ்சளும் மலரும். மறுநாள் முதல் மலமும் சாக்கடையும்! தாயென்று கும்பிட்ட கையே தாயின் முகத்தில் சேறு பூசும் கொடுமையைக் காரைக்காலில் காண்கிறோம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் நாடெங்கும் 351 ஆற்றுப் பகுதிகளை மாசுபட்டவை என்றது. அந்தப் பட்டியலில் அரசலாறும் உண்டு. எதிர்க்கட்சி மேடையில் எழுந்த கூச்சலல்ல இது; மத்திய சர்க்காரின் ஏடு தந்த சாட்சியம்!

கலந்தால் என்ன, குடியா முழுகிவிடும் என்பர் சிலர். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவையும் குடித்துத் தீர்க்கின்றன. மீன் மூச்சுத் திணறி மிதக்கிறது. குளிக்கத் தக்க நீரில் இந்தப் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டலாகாது. சுத்திகரிப்பு நிலையத்திலும் அதே நுண்ணுயிர்கள்தாம் வேலை செய்கின்றன. ஆனால் ஆற்றில் அல்ல, தொட்டியில்! காற்றை ஊட்டி, சகதியைப் படியவைத்து, தெளிந்த நீரை வெளியே விடுகிறார்கள். மாயமல்ல, மந்திரமல்ல, விஞ்ஞானம். வீட்டுக்கு வீடு குழாய் இணைக்காமல் நிலையம் மட்டும் கட்டினால், அது திறப்புவிழாக் கல்வெட்டுக்குத்தான் உதவும்.

ஆறு வருவது கும்பகோணம் வழியாக. கடல் சேர்வது காரைக்காலில். மேலே தமிழ்நாடு, கீழே புதுவை. பிரெஞ்சுக்காரன் 1954-இல் போனான், அவன் கிழித்த கோடு போகவில்லை. நீருக்கு அந்தக் கோடு தெரியுமா? இரு அரசுகளும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்த ஊர்க் கழிவு எங்கே ஆற்றில் விழுகிறதென்று கணக்கெடுத்து வெளியிடட்டும். தண்ணீருக்குக் கையேந்தும் கடைமடைக்காரன் சாக்கடையையும் தானே வாங்கிக்கொள்ள வேண்டுமா?