என்ஜினை இறக்க முன் பிளக் வயரைப் பாருங்கள்

இதைச் சொன்னால் கராஜ் வைத்திருக்கும் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்களோடு படிப்பித்து ஓய்வுபெற்ற ஒரு சேரிடம் பழைய மொரிஸ் மைனர் இருக்கிறது. போன மாதம் பிளக் வயர் மாற்றக் கொடுத்தார். திரும்பி வந்த கார் நடுங்கியது, ஏற்றத்தில் இழுக்கவில்லை, காபரேட்டருக்குள் வெடிச்சத்தம். திரும்பக் கொண்டுபோனதும் கிடைத்த பதில்: "சேர், இந்த என்ஜின் முடிஞ்சி. நிசான் என்ஜின் ஒண்டு போடுவம்." மனுஷன் பென்ஷன் காசை எண்ணத் தொடங்கிவிட்டார்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். 2ஆம், 3ஆம் சிலிண்டர் வயர்கள் மாறிக் கிடந்தன. அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது? இந்த என்ஜினில் ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1ஆம் சிலிண்டர். பொறி போகும் வரிசை 1-3-4-2. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் சுற்றுவது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக. அதைப் பார்க்காமல், வழமைபோல முள்ளு சுற்றும் பக்கமாகவே 1-3-4-2 என்று வயரைச் செருகினால் 1உம் 4உம் சரியாக எரியும், 2உம் 3உம் இடம் மாறிவிடும். பெற்றோல் உள்ளே வரும் வால்வு திறக்கிற நேரத்தில் பொறி விழும். காபரேட்டர் வெடிக்காமல் என்ன செய்யும்? கார் அரை உயிரோடு ஓடுவதால்தான் "என்ஜின் போச்சு" என்ற பொய்யும் எடுபடுகிறது.

அடுத்தது டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருகி, காதால் கேட்டு, "இப்ப சரி" என்கிறார்கள். பழைய கைகாரர்கள் அப்படிச் செய்தார்கள்தான், ஆனால் அவர்கள் முதலில் பொயின்ட் இடைவெளியை அளந்தார்கள். மைனருக்கு அது 0.015 அங்குலம், பிளக்குக்கு 0.025. பொயின்டின் குதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் டைமிங் தானாகவே பின்னுக்குப் போகும். என்ஜின் சூடாகும், பெற்றோல் குடிக்கும். ஆகவே இடைவெளி முதலில், டைமிங் பிறகு. மாறிச் செய்தால் வைத்த டைமிங் பிழைத்துவிடும்.

ஸ்ட்ரோப் லைட் இல்லையென்று சாக்குச் சொல்லவும் வேண்டாம். ஒரு 12 வோல்ட் பல்ப், இரண்டு துண்டு வயர் போதும். 1ஆம் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து என்ஜினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது அமுக்கும் அடி. இதைப் பாராமல் அடையாளத்தை மட்டும் பார்த்தால் முழுச் சுற்று ஒன்று பிழைத்துவிடும். பிறகு கப்பியின் வெட்டை, அந்த என்ஜினுக்குக் கைநூல் சொல்லும் பாகையில் நிறுத்தி, பல்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரில் கொயில் வயர் பூட்டும் இடத்திலும் மறுமுனையை பொடியிலும் பிடித்து, சுவிட்சைப் போட்டு டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புங்கள். பொயின்ட் திறக்கும் கணத்தில் பல்ப் எரியும். அங்கே இறுக்குங்கள். விஞ்ஞான பாடத்தில் சுற்றுப் படிக்கும் எங்கள் பிள்ளைகளுக்கே இது விளங்கும்.

என்ஜின் மாற்றவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ரிங் தேய்ந்து கொம்ப்ரெஷன் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்படியானால் கேஜைப் பூட்டி, நாலு சிலிண்டரின் கணக்கையும் காட்டுங்கள். சாவியைக் கையில் தந்தால் அது அமானிதம். வேறு என்ஜின் ஏறினால் வாகனப் புத்தகத்தில் உள்ள இலக்கமும் மாற வேண்டும், அதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைவது யார்? 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு இந்தப் பழைய கார்களை நம்பியே எத்தனை வீடுகள் ஓடின என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

சேரின் கார் இப்போது ஜும்ஆவுக்கு வருகிறது. கழற்றிய என்ஜினுக்கு "இரும்பு விலை" தருவதாகச் சொன்னவர் இன்னும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். உங்கள் வீட்டிலும் இப்படி "முடிஞ்ச" என்ஜின் இருந்தால், விற்க முன் எங்களுக்குச் சொல்லுங்கள். பல்ப் எங்களிடம் இருக்கிறது.