ஆடுவது தீவா, காதா?

விடியற்காலை நாலரை மணி. அந்தமானில் அதற்குள் வெளுக்கத் தொடங்கிவிடும். தீவு கிடப்பது நாட்டின் கிழக்கு ஓரத்தில். கடிகாரம் மட்டும் டில்லிக்காரர்களுடையது. எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் படுக்கையில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரள்கிறார். அவ்வளவுதான். கட்டில், சுவர், ஜன்னல் எல்லாம் சக்கரமாகச் சுழல்கின்றன. கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறுகிறார். மதுரையிலோ திருநெல்வேலியிலோ என்றால் "பித்தம்" என்று சொல்லி யாராவது இஞ்சி தட்டப் போவார்கள். இங்கே வாயில் வரும் முதல் வார்த்தை வேறு: "பூகம்பம்! எல்லாரும் வெளியே வாங்க!"

மருமகள் ஓடி வந்து பார்க்கிறார். மின்விசிறி அசையவில்லை. சொம்பில் தண்ணீர் அலையவில்லை. "ஒண்ணுமில்லைங்க அத்தை, கனவு கண்டிருப்பீங்க."

கனவு இல்லை. தீவின் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. அந்த அம்மாளின் பயத்துக்கு முகாந்திரமும் உண்டு. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணியை அங்கு வாழ்ந்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. 9.1 அளவு நிலநடுக்கம், அதன் பின்னாலேயே சுனாமி. நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தரையில் நின்ற கலங்கரை விளக்கம் தண்ணீரில் நின்றது. பிறகு மாதக்கணக்கில் சிறிதும் பெரிதுமாகப் பின்னதிர்வுகள். தரை என்பது அசையாத பொருள் என்ற நம்பிக்கை ஒருமுறை உடைந்துவிட்டால் உடம்பு அதை எளிதில் திரும்பப் பெறுவதில்லை.

ஜப்பான்காரர்கள் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஜிஷின் யோய்', அதாவது பூகம்ப மயக்கம். 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, பூமி அடங்கிய நேரத்திலும் அது ஆடுவதாக உணர்ந்தவர்கள் அங்கே ஏராளம். காது மருத்துவர்கள் அதைத் தனியாக ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார்கள். எனவே தீவுவாசிகளுக்கு முதல் சோதனை எளிது: தொங்குகிற ஏதாவது ஒன்றைப் பாருங்கள். பல்பு ஆடினால் பூமி. ஆடாவிட்டால் பெரும்பாலும் காது.

பூமியை விலக்கிய பிறகும் வீட்டில் வழக்கு முடிவதில்லை. மயக்கம், கிறுகிறுப்பு, தலைசுற்றல், கண் இருட்டல், தள்ளாட்டம்... தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் "மயக்கமா வருது" என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்கும் சமாச்சாரம். அழுத்த மாத்திரையே காரணமாக இருக்கலாம். அறை சுற்றினால் சந்தேகம் காதின் மேல் விழுகிறது. எத்தனை விநாடி சுற்றியது, அதற்குச் சற்றுமுன் தலையை என்ன செய்தீர்கள் என்ற இரண்டு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால், பல சமயம் தலை ஸ்கேனைவிட அது அதிகம் சொல்லும். "கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது" என்று பட்டை மாட்டி அனுப்பப்படுகிறவர்களும் நிறைய. அறுபதுக்கு மேல் யார் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தாலும் தேய்மானம் தெரியும் என்பது வேறு விஷயம்.

உள்காதில் நடப்பது இது. கேட்கும் உறுப்புக்குப் பக்கத்திலேயே மூன்று அரைவட்டக் குழாய்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும். அதை வைத்து மூளை திருப்பத்தை அறிகிறது. குழாய்களின் அடியில் இரண்டு சிறு பைகள். அவற்றில் ஒரு பசைப் படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்கற்கள் பதிந்திருக்கின்றன. பாராட்டாங் குகையின் சுண்ணாம்பும், தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையும் எதனால் ஆனவையோ அதே கால்சியம் கார்பனேட்தான். வயதானால் பசை தளர்கிறது. ஒன்றிரண்டு துகள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகிறது. புரண்டு படுக்கும்போது, பரணைப் பார்க்க அண்ணாந்தால், கொடியில் துணி போடும்போது அந்தத் துகள் உருண்டு திரவத்தைத் தள்ளுகிறது. தலை நின்ற பிறகும் 'இன்னும் சுழல்கிறாய்' என்று காது பொய் சொல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். மறுபடி புரண்டால் மறுபடி. முதுமையில் வரும் சுழற்சிகளில் அதிகம் காணப்படுவது இதுதான்.

காதுக்கும் சுழற்சிக்கும் உள்ள தொடர்பு எளிதில் ஏற்கப்பட்டதல்ல. 1861-இல் பாரிஸ் மருத்துவர் ப்ராஸ்பர் மெனியர் அதைச் சொல்லும்வரை எல்லாம் மூளைக் கோளாறு என்றே கருதப்பட்டது. பிறகு வியன்னாவில் ராபர்ட் பாரானி. காதைக் கழுவும்போது தலை சுற்றுகிறது என்று நோயாளிகள் புகார் சொல்ல, தண்ணீர் குளிர்ந்திருந்தால் விழிகள் ஒரு பக்கமும் சூடாக இருந்தால் எதிர்ப்பக்கமும் துடிப்பதை அவர் கவனித்தார். தண்ணீரின் சூடு உள்காதுத் திரவத்தை நகர்த்துகிறது என்று ஊகித்தார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு என்று அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யப் போர்க்கைதி முகாமில் இருந்தார். ஸ்வீடன் தலையிட்டு 1916-இல் மீட்டது. தலையின் நிலை மாறும்போது மட்டும் வரும் சுழற்சியை 1921-இல் விவரித்ததும் அவரே.

காரணம் தெரிந்தும் வைத்தியம் வர இன்னும் அறுபது ஆண்டு ஆயிற்று. துகள் வழிதவறி வந்தது என்றால் வந்த வழியே உருட்டி அனுப்பினால் என்ன என்று கேட்டவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மருத்துவர் ஜான் எப்லி. மருந்தும் கத்தியும் இல்லாமல் நோயாளியின் தலையைத் திருப்பித் திருப்பியே குணப்படுத்துவதாக அவர் சொன்னதை சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992-இல்தான் அவருடைய முறை ஆய்விதழில் முழுமையாக வெளியாயிற்று. முதலில் உட்காரவைத்துத் தலையைக் கோளாறான காதுப் பக்கம் திருப்பி, சட்டென்று படுக்கவைத்து எந்தக் காது என்று விழித் துடிப்பை வைத்து உறுதி செய்கிறார்கள். பிறகு தலையை மறுபக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, முகம் தரையைப் பார்க்கச் செய்து, எழுப்பி உட்காரவைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ காத்திருக்க வேண்டும். மொத்தம் ஐந்து நிமிட வேலை. பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடுகிறது. சில ஆண்டுகளில் பலருக்குத் திரும்பி வரும். அப்போது மறுபடி ஐந்து நிமிடம். எந்தக் காது என்று தெரியாமல் வீட்டில் தானே செய்து பார்ப்பதுதான் தப்பு. கழுத்து, விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்கு முறையையே மாற்றவேண்டியிருக்கும்.

நம் ஊர்ப் பழக்கமோ மாத்திரை. தலைசுற்றலுக்கு ஒரு பட்டை எழுதித் தருகிறார்கள். தீர்ந்ததும் கடையில் காலிப் பட்டையைக் காட்டி அடுத்ததை வாங்குகிறார்கள். புரோகுளோர்பெரசின் போன்ற மருந்துகள் முதல் சில நாள் வாந்தியையும் சுழற்சியையும் அடக்க உதவும். மாதக்கணக்கில் விழுங்கினால், கெட்ட காதுக்கு ஈடுகட்டப் பழகிக்கொண்டிருக்கும் மூளையையும் சேர்த்து மந்தமாக்கிவிடும். வயதானவர்களுக்கு கை நடுக்கம், உடல் விறைப்பு, அதிலிருந்து கீழே விழுவது என்று தொடரும். துகளை மாத்திரை நகர்த்துவதில்லை.

துகள் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. இருபது நிமிடத்திலிருந்து சில மணி நேரம்வரை சுழன்று, காதில் இரைச்சலும் அடைப்பும், கேள்வி மங்குவதும் சேர்ந்தால் அது மெனியர் பெயரால் அழைக்கப்படும் நோயாக இருக்கலாம். அதற்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத தீவில் இது கடுமையான தண்டனைதான்.

இன்னொரு கூட்டம் பேசப்படாதது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்ட பழைய தலைமுறையில் சிலருக்கு இரண்டு காதிலும் சமநிலை உறுப்பு பழுதாகியிருக்கும். இவர்களுக்கு உலகம் சுற்றாது. நடந்தால் காட்சி குலுங்கும், இருட்டில் கால் தள்ளாடும். கண்ணும் பாதமும் காதின் வேலையைச் சேர்த்துச் செய்துகொண்டிருக்கும். மின்சாரம் போனால் கண் போயிற்று, சர்க்கரை நோய் இருந்தால் பாதமும் மரத்திருக்கும். கடற்கரைவாசிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது: இப்படிப்பட்டவர் தனியாகக் கடலில் முங்கக் கூடாது. தண்ணீருக்கடியில் மேல் எது கீழ் எது என்பது அவருக்குத் தெரியாமல் போகலாம்.

காதின் மேல் பழி போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாத நேரமும் உண்டு. சுழற்சியோடு பேச்சுக் குழறினால், வாய் கோணினால், ஒரு பக்கம் கை கால் சோர்ந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், பிடித்துக்கொண்டும் நிற்க முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனாலும் தாமதிக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இருப்பவருக்கு ஜி.பி. பந்த் மருத்துவமனை ஆட்டோ தூரம். கச்சாலிலோ கேம்ப்பெல் பேயிலோ இருப்பவருக்கு நடுவில் கடல் இருக்கிறது. அடுத்த கப்பல் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதுதான் ஒரே வழி. எளிய துகள் சமாச்சாரத்துக்கோ பயணமே தேவைப்படாது. தேவையானதெல்லாம் ஒரு கட்டிலும், முறை தெரிந்த ஒரு ஜோடிக் கையும். தீவு தீவாக உள்ள ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஒரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ இதைச் சொல்லிக்கொடுக்க எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.

கப்பலில் சென்னைக்குப் போகும் பெரியவர்கள் கீழ் பங்க் கேட்டு வாங்குவது நல்லது. ஏறி இறங்கிப் படுப்பதே துகளை உருட்டப் போதும். தலை கனத்தால் உள்ளே படுத்துப் பத்திரிகை படிக்காமல் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். கண்ணும் காதும் ஒரே சேதியைச் சொல்லும். படகுத் துறையில் பலகையைக் கடக்கும்போது கீழே அலையும் தண்ணீரைப் பார்க்காமல், எதிரே அசையாத ஒன்றைப் பார்த்து நடக்க வேண்டும். கை கொடுக்க வருகிற கப்பல் ஆளிடம் கௌரவம் பார்க்க வேண்டியதில்லை.

மூன்று நாள் கடலில் கிடந்து இறங்கியதும் சென்னைத் தரை ஆடும். கட்டிலில் படுத்தாலும் அலை தூக்கும். இது வயதானவர்களுக்கு மட்டுமல்ல, மாலுமிகளுக்கும் உண்டு. கடலுக்குப் பழகிக்கொண்ட மூளை தரைக்குப் பழக எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது. மாதக்கணக்கில் நீடித்தால்தான் டாக்டர். மற்றபடி மாத்திரை வேண்டாம், இரண்டு நாள் நன்றாக நடந்தால் போதும். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் இன்னும் நல்லது.