சராசரிக் கணக்கு யாருக்கு வேண்டும்?

இரவு எட்டு மணி ஆனால் அத்திப்பட்டில் இன்டர்நெட் படுத்துக்கொள்கிறது. பேரனின் முகம் திரையில் உறைந்து நிற்கிறது. கம்பெனிக்குப் போன் செய்தால், மாதச் சராசரிப்படி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம். விடியற்காலை மூன்று மணிக்குக் காலியாகக் கிடக்கும் லைனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

டிராய் 2006-லேயே விதி போட்டது: உள்ளூர் நிலையத்திலிருந்து மேலே போகும் லைன், நெரிசல் நேரத்திலும் 80 சதவீதத்துக்குள்தான் நிரம்பலாம். மீதி, திடீர்க் கூட்டத்துக்கு. அந்த அளவை நெருங்கும்போதே அடுத்த போர்ட்டைத் திறக்க வேண்டும்; புகார் குவிந்த பிறகு அல்ல. எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையைப் பார்க்கிற நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் படித்த பிரெஞ்சில் போக்குவரத்து நெரிசலுக்கு 'பூஷோன்' என்பார்கள். பாட்டில் தக்கை என்று அர்த்தம். அடைப்பு இருப்பது கழுத்தில். இவர்களோ நூறு எம்பிபிஎஸ், இருநூறு எம்பிபிஎஸ் என்று பாட்டிலைத்தான் பெரிதாக்கி விற்கிறார்கள். விளம்பரத்தில் கழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

மாத பில்லிலேயே, இரவு எட்டு முதல் பத்து வரை லைன் எவ்வளவு நிரம்பியது என்று ஒரு வரி அச்சடிக்கட்டும். பிறகு பணம் கேட்கட்டும்.